பேரில் பதினொன்றரை லட்சம், கையில் 11 யூரோ: ஜெர்மனியில் முதல் இரண்டு மாதம்

டோர்ட்முண்ட், 2025 குளிர்கால செமஸ்டரில் சேர்ந்தவன்

ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் ஒரு வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். சீனியர்கள் சொன்ன கணக்கும் பெரிதாகத் தப்பவில்லை. ஆனால் இறங்கின முதல் இரண்டு மாதம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். அடுத்து வருகிற பிள்ளைகளுக்குக் கட்டாயம் பயன்படும்.

விசாவுக்காக நான் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது ஒரு வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட முன்கூட்டியே போட்டுப் பூட்டிவைக்கும் கணக்கில், போட்டது 11,904 யூரோ. போன வருடம் ஜூனில் அனுப்பியபோது பதினொன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. பாதி கல்விக்கடன், மீதி அப்பாவின் பி.எஃப். அந்தப் பணம் மாதம் 992 யூரோவாகத்தான் நம் கைக்கு வரும். அது வருவதற்கு இங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். நான் போன வங்கியில் கணக்குத் தொடங்க அன்மெல்டுங் சான்றிதழ் கேட்டார்கள். அன்மெல்டுங் என்பது, இன்ன முகவரியில் குடியிருக்கிறேன் என்று நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்வது. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். வீடு பிடிக்க டெபாசிட் வேண்டும். டெபாசிட்டுக்குப் பணம் எங்கே? அது பிளாக்டு அக்கவுண்டில் இருக்கிறது.

செப்டம்பர் 28 அன்று வந்து இறங்கினேன். மாணவர் விடுதிக்கு மார்ச்சிலேயே எழுதிப்போட்டும் வரிசையில்தான் இருந்தேன். அதனால் ஊரிலிருந்தபடியே ஒரு உள்வாடகை அறைக்குப் பேசி வைத்திருந்தேன். மாதம் 420 யூரோ. போட்டோவில் பார்த்த மாதிரியேதான் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே ஒரு செஸ்ட்நட் மரம்கூட இருந்தது. நான்காம் நாள் அறை கொடுத்தவரிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டேன். "அன்மெல்டுங் இந்த வீட்டில் முடியாதே, விளம்பரத்தில் போட்டிருந்தேனே" என்றார். திரும்பப் போய்ப் பார்த்தால், கடைசி வரியில் ஜெர்மனில் எழுதியிருந்தது. நான் படிக்காமல் விட்டிருந்தேன். அவரைக் குறை சொல்ல முடியாது.

அக்டோபர் முழுக்க அறை தேடியே போனது. நூறு பேருக்கு மேல் மெசேஜ் அனுப்பியிருப்பேன். ஒருவர் தான் லண்டனில் இருப்பதாகவும், டெபாசிட் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் சொன்னார். அது திருட்டு என்று அறைத்தோழன் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். கடைசியில் நவம்பர் 1 முதல் மூன்று பேர் தங்கும் பகிர்வு வீட்டில் ஒரு அறை கிடைத்தது. ஹீட்டர், தண்ணீர் எல்லாம் சேர்த்து வாடகை 385, டெபாசிட் 640.

பதிவுக்கு நேரம் கிடைத்தது நவம்பர் 11. மறுநாளே வங்கியில் கணக்கு தொடங்கினேன். கார்டு ஒரு தபாலிலும் பின் நம்பர் வேறொரு தபாலிலும் வரும் என்றார்கள். ஒரு வாரமாகியும் எதுவும் வரவில்லை. தினமும் காலையும் மாலையும் கீழே போய் லெட்டர் பாக்ஸைத் திறந்து பார்ப்பேன். ஒரு நாள் தரைத்தளத்துப் பாட்டியம்மா என்னைப் பார்த்துவிட்டு, பெட்டியின் மேல் இருந்த பெயர்ச்சீட்டை விரலால் தட்டிக் காட்டினார். அதில் முன்னால் இருந்தவன் பெயர் இருந்தது. இங்கே கட்டிடத்துக்குத்தான் எண், உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் பெரும்பாலும் கிடையாது, பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே போய்விடும். என் தபால் இரண்டும் அப்படித்தான் போயிருந்தன. அந்த அம்மாவே உள்ளே போய் ஒரு ஸ்டிக்கரும் பேனாவும் எடுத்து வந்தார். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது, அதையே எழுதி ஒட்டினேன். அன்றைக்கு அப்பாவிடம் போனில், "உங்க பேருக்குத்தாம்ப்பா இனிமே லெட்டர் வரும்" என்றேன்.

முதல் 992 யூரோ கைக்கு வந்த தேதி நவம்பர் 28. வந்து சரியாக இரண்டு மாதம். அதற்குள் செலவானதைச் சொல்கிறேன். அக்டோபர் வாடகை 420, டெபாசிட் 640, நவம்பர் வாடகை 385, இரண்டு மாத இன்சூரன்ஸ் 290, போர்வை, பாத்திரம், பழைய மெத்தை 120, சாப்பாடு, சில்லறை எல்லாம் 350. ஆக 2,200 யூரோவைத் தாண்டிவிட்டது. நான் கையில் கொண்டுவந்தது 900. மீதிக்கு அப்பா ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிவிட்டார். எப்படி என்று கேட்டேன், சொல்லவில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது பொங்கலுக்குத் தங்கை வாய்விட்டுச் சொன்னபோதுதான் தெரியும். என் பேரில் பதினொன்றரை லட்சம் சும்மா கிடந்த அதே நேரத்தில் அது நடந்திருக்கிறது. இதை எழுதுவதே அதனால்தான். பிளாக்டு அக்கவுண்ட் தவிர, தொட்ட உடனே எடுக்கக்கூடிய பணம் 2,500 யூரோவாவது தனியாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அந்தத் தொகை புரளும் என்றால்தான் டிக்கெட் போடுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

அந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை கையில் 11 யூரோதான் இருந்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் திறக்காது, சனிக்கிழமையே வாங்கியாக வேண்டும். டோர்ட்முண்டில் ஈழத்தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் கடைகளும் உண்டு. ஒரு கடையில் போய் 10 கிலோ அரிசி மூட்டையின் விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். ஒரு கிலோ பாக்கெட்டும் பருப்பும் எடுத்தேன். கல்லாவில் இருந்த ஐயா, "எந்த இடம் தம்பி?" என்றார். திருத்துறைப்பூண்டி என்றேன். "படிக்க வந்தனீங்களோ? பிளாக் அக்கவுண்ட் காசு இன்னும் வரேல்லையோ?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒவ்வொரு நவம்பரும் பிள்ளைகள் இப்படித்தான் ஒரு கிலோ அரிசி வாங்குவார்களாம். "பெரிய மூட்டையைக் கொண்டுபோங்கோ, காசு வந்தாப் பிறகு தாங்கோ" என்று அவரே தூக்கி வைத்தார். பெயரைக்கூட எழுதிக்கொள்ளவில்லை. தான் 85-ல் வந்தபோது ஒருவர் அப்படித்தான் கொடுத்தாராம். 29-ம் தேதி போய்க் காசைக் கொடுத்தேன். ஒரு கட்டு கறிவேப்பிலையைப் பையில் போட்டு அனுப்பினார்.

அதற்கப்புறம் மாதக் கணக்கு ஒரு நிலைக்கு வந்துவிட்டது. வாடகை 385, இன்சூரன்ஸ் 145, சாப்பாடு 170, போன் 10, செமஸ்டர் கட்டணத்துக்கு எடுத்துவைப்பது 55. அந்தக் கட்டணத்திலேயே நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராமில் போகும் டிக்கெட் அடங்கிவிடுவதால் போக்குவரத்துச் செலவு கிடையாது. 200 யூரோவுக்கு மேல் மிச்சம் வரும், அது குளிர் ஷூவுக்கும் 100 யூரோ தங்கும் அனுமதி அட்டைக்கும் முதல் சில மாதம் போய்விடும். மதியம் பல்கலைக்கழக மென்சாவில் (கேன்டீனில்) சாப்பாடு, இரவு சோறு. தண்ணீர் குழாயிலேயே குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் 25 சென்ட் டெபாசிட் சேர்த்து வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கடை மெஷினில் போட்டால் திரும்பி வரும். தூக்கி எறியாதீர்கள்.

வேலையை முதல் ஆறு மாதக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். வருடத்துக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் மொழி தெரியாமல் யாரும் கூப்பிடுவதில்லை. எனக்கு ஏப்ரலில்தான் ஒரு கிடங்கில் கிடைத்தது. மணிக்கு 13.90, அதுதான் குறைந்தபட்ச ஊதியம். மினிஜாப் எனும் சிறு பகுதிநேர வேலைக்குச் சம்பள வரம்பு மாதம் 603 யூரோ, அதாவது 43 மணி நேரம். முதல் சம்பளத்தில் சங்கிலியை மீட்க அனுப்பினேன்.

மாக்டபுர்க், மூன்றாம் செமஸ்டர்

அண்ணா, உங்கள் லெட்டர் பாக்ஸ் கதை எனக்கும் நடந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது இன்சூரன்ஸ். எனக்கு 24 வயது. அரசு இன்சூரன்ஸில் மாணவர் கட்டணத்தில் சேர்ந்திருக்கலாம். ஊரில் இருந்த ஏஜெண்ட், மாதம் 80 யூரோ குறைவு என்று தனியார் பாலிசி எடுத்துக் கொடுத்தார். அப்போது அரசு இன்சூரன்ஸ் வேண்டாம் என்ற ஒரு விலக்குக் கடிதத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். பிப்ரவரியில் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரி பில்லை முதலில் நான் கட்டிவிட்டு அப்புறம் கேட்க வேண்டும் என்றார்கள். பிசியோதெரபிக்குக் கொடுக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். சரி, அரசு இன்சூரன்ஸுக்கே மாறிவிடலாம் என்று போனால், அந்த விலக்குக் கடிதம் படிப்பு முடியும்வரை கட்டுப்படுத்தும், திரும்பப் பெற முடியாது என்றார்கள். கவுண்டரில் இருந்த பெண் மிகவும் வருத்தப்பட்டு, இரண்டு தடவை கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார்.

30 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த மாணவர் கட்டணமே கிடையாது. வேலை பார்த்துவிட்டுப் படிக்க வரும் அண்ணன், அக்காமார் முதலிலேயே அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகன்

சின்ன அனுபவம்தான். வானொலி, டிவி கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வந்தது. வீட்டில் டிவியும் இல்லை, ரேடியோவும் இல்லை. நமக்கில்லை என்று மூன்று பேரும் ஒதுக்கி வைத்துவிட்டோம். எட்டு மாதம் கழித்து மொத்தமாக 146.88 யூரோவும் அதற்கு மேல் தாமதக் கட்டணமும் கேட்டு வந்தது. டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று கட்டியாக வேண்டும். மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 6.12 தான். முதல் கடிதத்திலேயே ஒருவர் பெயரில் பதிந்துவிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுட்கார்ட், படிப்பு முடியும் தறுவாயில்

ஜெர்மனியில் ஃபீஸே இல்லை என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அம்மா சொல்லியிருந்தார். எனக்கு இடம் கிடைத்தது பாடன்-வூட்டம்பெர்க் மாநிலத்தில். இங்கே 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். நாலு செமஸ்டருக்கு 6,000. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலத்திலிருந்து வாங்குகிறது, மாஸ்டர்ஸ் படிப்புகளுக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 வரை. எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போது அடுத்த வருடச் செலவுக்கு என்ன வழி என்று மறுபடியும் காட்ட வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட் ஒரு தடவை போட்டால் போதும் என்று எங்கள் வீட்டில் நினைத்திருந்தோம். எனக்கு அப்போது ஒரு ஆய்வகத்தில் பகுதிநேர வேலை இருந்தது. அந்த ஒப்பந்தத்தையும், குறைந்த தொகைக்கு வங்கி இருப்பையும் காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள். அந்த வேலை இல்லையென்றால் அப்பா இன்னொரு தடவை நிலத்துப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பார்.

டோர்ட்முண்ட் (மீண்டும்)

மூவருக்கும் நன்றி. இன்சூரன்ஸ் விஷயத்தை இன்றைக்கே சித்தி பெண்ணுக்கு அனுப்பிவிட்டேன். அவள் இந்த அக்டோபரில் போஹும் (Bochum) என்ற நகருக்கு வருகிறாள். அறை தேடும்போது முதல் மெசேஜிலேயே "இஸ்ட் டீ அன்மெல்டுங் மோக்லிஷ்?" என்று கேள் என்று சொல்லிக் கொடுத்தேன். அன்மெல்டுங் செய்ய முடியுமா என்று அர்த்தம். ஏழு பேரிடம் கேட்டிருக்கிறாள். மூன்று பேர் பதிலே போடவில்லை, மூன்று பேர் முடியாது என்றார்கள். ஒருவர் மட்டும் முடியும் என்று சொல்லியிருக்கிறார். நாளை மறுநாள் நான் ரயிலில் போய் அந்த அறையை நேரில் பார்க்கிறேன். லெட்டர் பாக்ஸையும் பார்த்துவிட்டு வருவேன்.