வீட்டுக்கு மேக் மினியா, விண்டோஸ் மேசைக்கணினியா?

கேள்வி (காரைக்குடி):
அப்பச்சி டேலியில் கணக்கு எழுதுகிறார்கள். தங்கை காணொளித் தொகுப்பு பழகுகிறாள். இருவருக்கும் பொதுவாக ஒரே கணினி வாங்குவதானால் எது பொருத்தம்?

மறுமொழி (தேவகோட்டை):
டேலி விண்டோஸுக்காகவே எழுதப்பட்டது என்பதால், மேக்கில் அதை ஓட்ட முனைவது வீண் அலைச்சல். மேலும், விண்டோஸ் மேசைக்கணினியில் பின்னாளில் நினைவகத்தை (ரேம்) கூட்டிக்கொள்ளலாம். மேக் மினியிலோ வாங்கும்போது உள்ள அளவுதான் கடைசிவரை. விலை மலிவு என்று பழைய கணினியை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது.

மறுமொழி (பள்ளத்தூர்):
அண்ணன் சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் 2020இல் ஆப்பிளின் எம்1 சில்லு மேக் மினியில் வந்தபின், குறைந்த மின்சாரத்தில், இரைச்சலின்றிக் காணொளி தொகுக்க அதையே நான் விரும்புகிறேன். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் தமிழ்99 விசைப்பலகை இரண்டிலும் உண்டு.

கேட்டவர்:
நன்றி. அப்பச்சியின் கணக்குக்கே முன்னுரிமை. விண்டோஸ் மேசைக்கணினியையே யுபிஎஸ்ஸுடன் வாங்குகிறோம்.