மறுமொழி: டிஃப் லாக்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> டிஃபரன்ஷியலுக்கு வேறுபாட்டுப் பல்லிணை என்று இருக்கிறது. அப்படியானால் டிஃப் லாக் வேறுபாட்டுப் பூட்டு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

ஐயா, வணக்கம். நிறையவே இருக்கிறது. 'வேறுபாட்டுப் பூட்டு' என்றால் ஜீப் வாங்கப் போகிறவர், என்ன வேறுபாடு, எதற்குப் பூட்டு என்றுதான் கேட்பார். ஒர்க்‌ஷாப்பிலும் அது எடுபடாது. அங்கே அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கும் அந்த உருண்டைப் பெட்டி முழுவதும் 'கிரவுன்'தான்.

முதலில் டிஃபரன்ஷியலும் அதன் பூட்டும் செய்யும் வேலையைப் பார்ப்போம். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரன்ஷியல் இடம் கொடுக்கிறது. ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசையை இரு பக்கமும் சமமாகத்தான் பிரிக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் அதைச் சுழற்ற விசையே வேண்டியதில்லை. அந்த அற்ப அளவுதான் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் போகும். முன்னச்சில் ஒன்று, பின்னச்சில் ஒன்று என்று குறுக்காகத் தூக்கிவிட்டால் நான்கு சக்கர ஓட்டம் (நான்குக்கும் என்ஜின் விசை போவது) உள்ள வண்டியும் அப்படியே நிற்கும். பூட்டு போட்டால் அச்சின் இரு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். பிடிப்புள்ள சக்கரம் வண்டியை நகர்த்திவிடும்.

> நுகப்பூட்டு எப்படி? இரண்டு மாட்டை நுகத்தில் பூட்டுவது போலத்தானே?

அழகான சொல் அண்ணா, ஆனால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. நுகத்தடி நடுவில்தான் ஏர்க்காலோடு கட்டியிருக்கும். வண்டி திரும்பும்போது வெளிமாடு எட்டி வைக்க அது சாய்ந்துகொடுக்கும். ஒரு மாடு படுத்துவிட்டால் மற்றது எவ்வளவு இழுத்தும் பயனில்லை. இது அச்சு அசலாகப் பூட்டில்லாத டிஃபரன்ஷியல்! நுகத்தை எடுப்பதானால் அந்தப் பல்லிணைக்கே வைக்கலாம்.

'சக்கரப் பூட்டு' என்றால் தவறான இடத்தில் நிறுத்திய காருக்குப் போலீஸ் மாட்டுவது. மேலும், பூட்டு இரு சக்கரங்களுக்கு இடையில் மட்டும் வருவதில்லை. 1977இல் வந்த சோவியத் ஜீப் வகை வண்டியான லாடா நிவாவில் நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் என்ஜின் விசை போகும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே ஒரு டிஃபரன்ஷியல், அதைப் பூட்டத் தனி நெம்புகோல்.

எனவே என் பரிந்துரை 'சமசுழல் பூட்டு'. முன், பின், நடு என்று எதையும் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். எதைச் சமமாக்குகிறது என்பதும் பெயரிலேயே இருக்கிறது. இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனால் விற்பனையாளரிடம் ஏமாற வேண்டியதில்லை. மாருதியின் ஜிம்னி ஜீப்பில் இருப்பது சமசுழல் பூட்டா? இல்லை. சும்மா சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து, விசையை மறுபக்கம் அனுப்புகிறது, சுழற்சி சமமாவதில்லை. மஹிந்திராவின் 'தார்' ஜீப்பின் சில வகைகளில் பின்னச்சில் வரும் இயந்திரப் பூட்டு உண்மையான பூட்டு, தானாகவே விழும். ஃபோர்ஸ் நிறுவனத்தின் கூர்க்கா ஜீப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டுநரே தனித்தனியாகப் போட வேண்டும். பாறைப் பாதைக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும் முன்பே போட்டுக்கொள்ளலாம்.

எச்சரிக்கையும் அந்தப் பெயரிலேயே அடக்கம். சுழற்சி சமம் என்றால் தார்ச்சாலை வளைவில் என்ன ஆகும்? ஒரு டயர் தேய்ந்து இழுபடும், வண்டி நேராகவே போகப் பார்க்கும், அச்சுத் தண்டுக்கும் சுமை. முன்னச்சில் போட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

பூட்டில்லாத வண்டியில் பிற்பாடு வாங்கிப் பொருத்தவும் முடியும். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் செய்யும் காற்றழுத்தப் பூட்டு பலருக்குத் தெரிந்திருக்கும். சிறு கம்ப்ரசரும் அச்சுக்குள் போகும் காற்றுக் குழாயும் வேண்டும், கிரவுனைக் கழற்றியாக வேண்டும். நான் கேட்டால், அந்தப் பணத்தில் முதலில் நல்ல டயர் போடுங்கள் என்பேன். வண்டியை உயர்த்துவது, பெரிய சக்கரம் மாட்டுவது எல்லாம் அப்புறம். இந்தியாவில் வண்டியின் அமைப்பை மாற்றக் கட்டுப்பாடு விதிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வேறு குறுக்கே நிற்கிறது.

சரி, மிச்சம் ஒன்று. ஜிம்னி மாதிரி பிரேக்கால் நடப்பதற்கு 'வழுக்கல் தணிப்பு' என்று வைக்கலாமா? பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்கு இதை ஒட்டிய சொல் எதையாவது நாம் முன்பே முடிவு செய்திருக்கிறோமா? பழைய மடல்களைத் தேடிப் பார்க்கக் கூடியவர்கள் சொல்லுங்கள்.