கிழக்குத் தெரு குடும்பம் 🏡 குழுவில் ஒரு காலை

சுமதி அத்தை 7:12
(ஃபார்வர்டு) சீன மூலிகை ஆர்ட்டிமீசியா!! 16 மணி நேரத்தில் 98% புற்றுநோய் செல்கள் அழியும்!!! நோபல் பரிசு பெற்றது. டாக்டர்கள் சொல்ல மாட்டார்கள். பகிருங்கள் 🙏🙏

சுமதி அத்தை 7:14
செந்தில் கண்ணா, சிங்கப்பூர்ல சீன மருந்துக் கடை நிறைய இருக்கும்ல? வெள்ளிக்கிழமை வரும்போது அண்ணனுக்கு ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வா. டீ மாதிரி கொதிக்க வெச்சுக் குடிக்கணுமாம்

செந்தில் 7:31
சைனா டவுன்ல பாக்குறேன் அத்தை. காவ்யா, நீ பார்மசிதானே, இது சரியா?

கணேசன் மாமா 7:33
இனிய காலை வணக்கம் 🌹🌹

காவ்யா 7:40
அண்ணா வாங்காதீங்க! பஸ்ல இருக்கேன், இறங்கிட்டு சொல்றேன்

காவ்யா 8:05
98% கட்டுக்கதை இல்ல அத்தை. 2001ல அமெரிக்காவுல, வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல பண்ணினாங்க. ஆனா ஆள் மேல இல்ல. தட்டுல வளர்த்த மார்பகப் புற்று செல்லுக்கு இரும்பை ஏத்திட்டு, இந்த மூலிகைச் சத்துலருந்து செஞ்ச மருந்தை விட்டாங்க. தட்டுல பினாயில் ஊத்தினாலும் செல் சாகும்

காவ்யா 8:07
2015ல சீன விஞ்ஞானி தூ யூயூ அம்மாவுக்கு நோபல் குடுத்தது இந்த மூலிகையிலருந்து மலேரியா மருந்து எடுத்ததுக்கு. சூடு பண்ணினா சத்து போயிடுதுன்னுதான் அவங்க ஈத்தர்ங்கிற கரைப்பான்ல குறைஞ்ச சூட்டுல சத்தைப் பிரிச்செடுத்தாங்க. நீங்க கொதிக்க வைக்கச் சொல்றீங்க 😅

சுமதி அத்தை 8:10
அப்போ சீனாக்காரன் மூலிகையில ஒண்ணுமே இல்லைங்கிற. காலங்காலமா சாப்பிடுறானே?

காவ்யா 8:13
யார் சொன்னா? பெரியப்பாவுக்கு ஏத்துறாங்களே இரினோடெக்கான்ங்கிற கீமோ மருந்து, அதுவே சீனத்து மரத்துலருந்து வந்ததுதான். கேம்ப்டோதீக்கா. 1966ல அமெரிக்காவுல மன்றோ வால், மன்சுக் வாணின்னு ரெண்டு விஞ்ஞானிங்க அதுலருந்து கேம்ப்டோதெசின்ங்கிற பொருளைப் பிரிச்சாங்க. வாணி மகாராஷ்டிரத்துல பிறந்தவர்

பெரியப்பா 8:15
என்னம்மா சொல்ற? நான் ஏத்திக்கிறது மூலிகையா? டாக்டர் சொல்லவே இல்லையே

காவ்யா 8:19
மூலிகையை அப்படியே இல்ல பெரியப்பா. முதல்ல கேம்ப்டோதெசினைத் தண்ணில கரையுற உப்பா மாத்திக் குடுத்துப் பாத்தாங்க. மூத்திரப்பையில ரத்தக்கசிவு, கடும் பேதி. 70கள்ல நிறுத்திட்டாங்க. செல் பெருகும்போது டிஎன்ஏ முறுக்கைத் தளர்த்துற நொதி ஒண்ணு இருக்கு, டோபோஐசோமரேஸ் 1. இந்தச் சரக்கு அதைப் பிடிச்சு நிறுத்துதுன்னு 1985ல தெரிஞ்சது. அப்புறம் ஜப்பான்ல மூலக்கூறையே மாத்தி இரினோடெக்கான் ஆக்கினாங்க. யார் தெரியுமா? யாகுல்ட் கம்பெனி!

செந்தில் 8:20
அந்தக் குட்டி பாட்டில் யாகுல்ட்டா??

காவ்யா 8:20
அதேதான் 😄

சுமதி அத்தை 8:24
அப்போ மருந்தும் சீனா, டீயும் சீனா. சேந்தா இன்னும் நல்லதுதானே. மூலிகைக்கு என்ன பக்கவிளைவு இருக்கப்போகுது

காவ்யா 8:30
அத்தை, பிரஸ்ஸல்ஸ்ல 90களோட தொடக்கத்துல உடம்பு குறையுறதுக்கு சீன மூலிகை மாத்திரை குடுத்தாங்க. ஒரு மூலிகைக்குப் பதிலா அரிஸ்டோலோக்கியாங்கிற வேற ஒண்ணு கலந்துடுச்சு. நூறு பேருக்கு மேல கிட்னி போச்சு. சிலருக்குப் பின்னாடி சிறுநீர்ப் பாதையில புற்றே வந்தது

காவ்யா 8:33
அதை விடுங்க. இரினோடெக்கானைக் கல்லீரல்தான் பக்குவம் பண்ணணும். மூலிகை அங்க குறுக்க வரும். ஐரோப்பாவுல மனச்சோர்வுக்குச் சாப்பிடுற செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை இதோட சேத்து 5 பேருக்குக் குடுத்துப் பாத்தாங்க. புற்றை அடிக்கிற பொருள் ரத்தத்துல 42% குறைஞ்சுது. வேற மூலிகை நேரெதிரா மருந்தைத் தேக்கி வெச்சா பேதி பிச்சுக்கும்

பெரியப்பா 8:35
போன தடவை பட்டதே போதும். சுமதி, டீ வேண்டாம்மா

சுமதி அத்தை 8:37
சரிண்ணா. நல்லதுக்குத்தான் சொன்னேன்

காவ்யா 8:38
தெரியும் அத்தை ❤️ பெரியப்பா, இப்ப சாப்பிடுற கஷாயம், சூரணம் ஏதாவது இருந்தா போட்டோ அனுப்புங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்ட அதையும் காட்டணும்

பெரியப்பா 8:41
நிலவேம்பு மட்டும். அதுவும் உங்க பெரியம்மா சொன்னதுக்காக

காவ்யா 8:41
அதையும் டாக்டரைக் கேக்குற வரைக்கும் நிறுத்துங்க 🙄

செந்தில் 8:44
அப்போ நான் என்னதான் வாங்கிட்டு வர?

பெரியப்பா 8:45
கோடாலித் தைலம்

சுமதி அத்தை 8:45
எனக்கு ஆறு பாட்டில். பெரிசு