கேல் கீரை கசக்கிறது, தோல்போல் இருக்கிறது: பிழை பாத்தியிலா, அடுப்படியிலா?

கேட்டவர்: கீரைப்பாத்தி

நண்பர்களுக்கு வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் சிறு பாத்தி ஒன்றில் எட்டுக் கேல் செடிகளை வளர்த்து வருகிறேன். பரட்டைக்கீரை என்று சிலர் சொல்லும் சுருட்டை இலை வகை. குளிர்ந்த பருவத்தில் விதைத்து ஏறத்தாழ 3 மாதங்கள் ஆகின்றன. இலைகள் நன்றாகப் பெருக்கட்டும் என்று எண்ணி இதுவரை பறிக்காமலே விட்டிருந்தேன். இப்போது செடிகள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டன. அடி இலை ஒவ்வொன்றும் விரித்த கையைவிட அகலம். பார்க்க மனம் நிறைகிறது, ஆனால் வாயில் வைக்க முடியவில்லை. மற்றக் கீரைகளைப் போலக் காம்போடு நறுக்கி, மூடிபோட்டு அரை மணி நேரம் வேகவைத்தும் இலை மசியவில்லை. கசப்பும் கந்தக வாடையுமே மிஞ்சின. இரண்டு வாரங்களாக வெயிலும் கடுமையாக இருக்கிறது. போதாக்குறைக்கு இலைகளில் ஓட்டைகள் விழத் தொடங்கியுள்ளன.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவர் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அவருக்கு இக்கீரையைக் கொடுக்கலாமா?

மறுமொழி: மண்வெட்டி

வணக்கம். கசப்புக்கான காரணத்தை உங்கள் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள்: பறிக்காமல் விட்டதும், வெயிலும்.

கேல் குளிர்காலப் பயிர். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் அதன் இலை மென்மையாகவும் சுவையாகவும் இருக்கும். குளிர் கூடும்போது, திசுக்களில் உள்ள நீர் உறைந்து தன்னைச் சிதைத்துவிடாதபடி செடி இலைகளில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. உறைபனி பட்ட கேல் இனிக்கும் என்று தோட்டக்காரர்கள் சொல்வதன் காரணம் அதுதான். வெயிலிலும் வறட்சியிலும் நிலைமை தலைகீழாகிவிடும். முட்டைக்கோசு, பிரகோலி, கேல் ஆகிய மூன்றும் ஒரே இனத்தின் வேறுவேறு வடிவங்கள். அக்குடும்பத்துக்கே உரிய காரமும் கசப்பும் கொண்ட கந்தகச் சேர்மங்கள் அப்போது தூக்கலாகத் தெரியும்.

முதல் வேலையாக, முற்றிய அடி இலைகளையெல்லாம் பறித்து மட்குக் குழியில் போடுங்கள். வளர்த்த இலையைக் குப்பைக்கு அனுப்ப மனம் வராது, எனக்கும் முதல் ஆண்டில் வரவில்லை. ஆனால் அவை இனி இளகப் போவதில்லை. உச்சிக் குருத்தையும் அதைச் சுற்றியுள்ள ஐந்தாறு இலைகளையும் தொடாதீர்கள். இனி வாரந்தோறும், உள்ளங்கை அளவுக்கு வந்த இலைகளைக் கீழிருந்து மேலாகப் பறித்து வாருங்கள். காம்பைத் தண்டோடு ஒட்டிய இடத்தில் பிடித்துக் கீழ்நோக்கி அழுத்தினால் 'படக்' என்று ஒடிந்துவிடும், கத்தி தேவையில்லை. நார் இழுத்துக்கொண்டு ஒடிய மறுத்தால் இலை முற்றிவிட்டது என்று பொருள்.

நண்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டி, வேரடியில் காய்ந்த இலைகளால் மூடாக்கு இடுங்கள். மண் காய்வதும் பிறகு வெள்ளமாக நனைவதுமாக இல்லாமல் ஒரே சீரான ஈரம் இருப்பது மிக முக்கியம். அடுத்த முறை விதைக்கும்போது, இலை பறிக்கும் காலம் குளிர்ந்த வாரங்களில் அமையும்படி நாளைக் கணக்கிடுங்கள். விதைத்த 55 முதல் 65 நாட்களில் பறிப்பு தொடங்கிவிடும். பிஞ்சு இலைகள் போதுமென்றால் 30 நாட்களே போதும். செடிக்குச் செடி 30 முதல் 45 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். இலையின் மென்மையே முக்கியம் என்றால், சுருட்டை வகையைவிட ரெட் ரஷியன் வகை உங்களுக்கு ஏற்றது.

மறுமொழி: இலைமறை

ஓட்டைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு இலையின் அதே பச்சை நிறத்தில், நடுநரம்பை ஒட்டி நீளவாக்கில் அசையாமல் படுத்திருக்கும். புழுவைவிட, அதற்குக் கீழே உள்ள இலையில் கிடக்கும் கரும்பச்சை எச்சமே முதலில் கண்ணில் படும். எட்டுச் செடிகளுக்குக் கையால் பொறுக்குவதே போதும். மீறிப் பெருகினால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தை இலையின் இருபுறமும் படும்படி மாலையில் தெளியுங்கள். வெயில் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும், மேலும் சிறு புழுக்களிடத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினிக்கு அந்த மருந்து பயன்படாது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்ப்பதே எளிது. அடுத்த முறை நாற்று நட்ட அன்றே பூச்சிவலையால் மூடிவிடுங்கள், முட்டையிட்ட பிறகு மூடினால் புழுவையும் சேர்த்து வளர்ப்பதாகிவிடும்.

மறுமொழி: அடுப்படி

அரை மணி நேரம் வேகவைத்ததே அந்த வாடைக்குக் காரணம். இக்குடும்பத்துக் காய்கறிகளை எவ்வளவுக்கெவ்வளவு நேரம் வேகவைக்கிறோமோ அவ்வளவுக்குக் கந்தக வாடை எழும்.

இலைகளை உப்புக் கரைத்த நீரில் 10 நிமிடம் மூழ்கவைத்தால் சுருட்டைக்குள் ஒளிந்திருக்கும் பூச்சிகள் மேலே வரும். அலசிய பின், ஒரு கையால் காம்பின் நுனியைப் பிடித்து, மறுகை விரல்களால் இலையை நடுநரம்பிலிருந்து ஒரே இழுப்பில் உருவிவிடுங்கள். தோல்போல் இருப்பதில் பாதிக்குமேல் அந்த நரம்பால் வருவது. இளங்காம்பாக இருந்தால் பொடியாக அரிந்து முதலில் வதக்கலாம்.

அதன்பின் இலையை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, சிட்டிகை உப்பும் சில துளி எண்ணெயும் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் கையால் பிசையுங்கள். விறைத்து நின்ற கீரை கைக்குள் தளர்ந்து, நிறம் அடர்ந்து, அளவில் பாதியாகச் சுருங்குவதை நீங்களே உணர்வீர்கள். பிஞ்சு இலையை அந்நிலையிலேயே எலுமிச்சைச் சாறு பிழிந்து பச்சையாகச் சாப்பிடலாம். சற்று முற்றியதைக் கொதிக்கும் உப்பு நீரில் 2 நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் அலசிப் பிழிந்து, பூண்டு வதங்கிய எண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கினால் போதும். கசப்பில் பெரும்பகுதி கொதித்த நீரோடு போய்விடும். எலுமிச்சையை இறக்கிய பிறகே பிழியுங்கள், முன்பே சேர்த்தால் பச்சை நிறம் மங்கும்.

பெரியவர் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. கேலில் வைட்டமின் கே மிக அதிகம். 100 கிராமிலேயே ஒரு நாள் தேவையைப்போலச் சில மடங்கு இருக்கிறது. வார்ஃபரின் அந்த வைட்டமினுக்கு எதிராக வேலை செய்யும் மருந்து. எனவே கீரையைத் திடீரெனக் கூட்டினாலும் குறைத்தாலும் மருந்தின் பலன் மாறிவிடும். அறவே விலக்க வேண்டும் என்பதில்லை, அளவு சீராக இருக்க வேண்டும் என்பதே மருத்துவர்கள் சொல்வது. அவருடைய மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்யும்வரை அவருக்குப் பரிமாறாதீர்கள்.

கேட்டவர்: கீரைப்பாத்தி

மூவருக்கும் நன்றி. அடி இலைகளைக் களைந்தேன். ஏழு புழுக்கள் அகப்பட்டன. நடுத்தர இலைகளை நரம்பு உருவி, கொதிநீரில் போட்டெடுத்து வதக்கினேன். கசப்பு லேசாகத்தான் இருந்தது, இலையை எளிதாக மெல்ல முடிந்தது. பெரியவருக்கு மருத்துவரைப் பார்த்த பிறகுதான் கொடுக்கப்போகிறேன். இரண்டு செடிகளின் உச்சியில் மட்டும் பூமொட்டுகள் தெரிகின்றன, அவற்றைப் பிடுங்கிவிடலாமா?

மறுமொழி: மண்வெட்டி

குளிரில் வளர்ந்துவிட்டு உடனே வெயிலைக் கண்டதால் பூக்கத் தொடங்கிவிட்டன. மொட்டு விரியும் முன் தண்டோடு ஒரு சாண் நீளத்துக்குக் கிள்ளிப் பிரகோலியைப் போல வதக்குங்கள், மிகவும் மென்மையாக இருக்கும். கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் துளிர்க்கும். ஆனாலும் அச்செடிகளில் நல்ல இலை இன்னும் சில வாரங்களுக்குத்தான் கிடைக்கும். அதன்பின் அவற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முட்டைக்கோசு குடும்பம் அல்லாத வேறு எதையாவது நடுங்கள்.