பூச்சி மருந்து கொடுத்தும் போகாத சாட்டைப் புழு

உப்புவெளியிலிருந்து:

எங்கள் கறுப்பன் ஊர் நாய்தான், நான்கு வயது. கடந்த மாரியில் கழிச்சல் தொடங்கியது. தண்ணீராய்ப் போகவில்லை. முதலில் ஒழுங்காக வரும். முடிவில் ஒரு கரண்டியளவு சளி, அதில் நூல் போல இரத்தம். நாளுக்கு ஆறேழு தடவை வேலியோரம் குந்தி முக்குவான். இரண்டு நாள் சுகமாக இருப்பான், மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. மீன் தலை ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். மீன் தலையை நிறுத்தினோம், இரத்தம் நிற்கவில்லை.

கடையில் வாங்கிய பூச்சி மாத்திரையும் பலிக்கவில்லை. அதில் இருந்தது பைரன்டெல் மட்டும். அது உருண்டைப் புழுவையும் கொக்கிப் புழுவையும் கொல்லும். சாட்டைப் புழுவை ஒன்றும் செய்யாது.

மலத்தை ஜாம் போத்தலில் அடைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். முதல் தடவை எதுவும் அகப்படவில்லை. இந்தப் புழு விட்டுவிட்டுத்தான் முட்டையிடுமாம். அதுவும் நாய்க்குள் புகுந்து ஏறத்தாழ மூன்று மாதம் சென்ற பிறகே. இரண்டாம் தடவை நுணுக்குக்காட்டியில் என்னையும் பார்க்கவிட்டார். மண்ணிறத்தில் குட்டித் தேசிக்காய் போல முட்டை, இரு முனையிலும் தக்கை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழகாகத்தான் இருந்தது. புழுவை மலத்தில் காண்பது அரிது. மயிர் போன்ற முன்பகுதியைக் குருட்டுக்குடலின் சுவரில் செருகிக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

பென்பென்டசோல் என்ற புழு மருந்தை மூன்று நாள் கொடுத்தோம். மூன்று கிழமை கழித்து ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை கொடுக்கச் சொன்னார். நாய் கொழுத்துவிட்டதே என்று கடைசித் தவணையை விட்டுவிட்டோம். சித்திரையில் கறுப்பன் மறுபடியும் வேலியோரம்.

பாலையூற்றிலிருந்து:

தவணையை விட்டது ஒரு பிழை. வளவைப் பார்க்காதது மற்றது. முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெயிலும் வறட்சியும்தான் அதற்கு எமன். எங்கள் வீட்டில் நாய் படுப்பது கிணற்றடி வாழையின் கீழ், எந்நேரமும் ஈரம். மருந்து கொடுத்துவிட்டு அதே ஈரத்தில் படுக்கவிட்டால், பாதத்தை நக்கும்போது திரும்பவும் உள்ளே போகிறது. ஆனால் விழுந்த முட்டை உடனே தொற்றாது, ஒன்பது பத்து நாளாவது வேண்டும். மலத்தை அன்றன்று அள்ளிவிடுங்கள்.

நிலாவெளியிலிருந்து:

எங்கள் பெட்டை நாய் ஒருநாள் எழும்ப முடியாமல் கிடந்தது. இரத்தத்தில் சோடியம் குறைவு, பொற்றாசியம் கூட. சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அதிரீனல் சுரப்பியில் நோயென்று நடுங்கிப்போனோம். சுரப்பியைச் சோதித்தால் குறையில்லை. எல்லாம் சாட்டைப் புழுவின் வேலை. அந்த நோயைப் போலவே வேடம் போடுமாம். சேலைன் ஏற்றி, புழுவுக்கு மருந்து கொடுத்த பின்புதான் தேறியது.

உப்புவெளியிலிருந்து:

கிணற்றடியில் சரளை கொட்டியாயிற்று. ஆடியில் வரும் தவணையை அம்மா கலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார். கறுப்பனுக்குச் சரளை பிடிக்கவில்லை. வாசற்படியை மறித்துக்கொண்டு படுத்திருக்கிறான்.