மரவீடு – உள்வேலைக் குழு

சனிக்கிழமை

காலை 6:48
சித்தப்பா: [புகைப்படம்]
சித்தப்பா: உட்கூரைப் பலகைகள் வந்து இறங்கிவிட்டன. திண்ணையில் அடுக்கிவிட்டேன். இன்றைக்கே ஆரம்பித்தால் நாளை மாலைக்குள் கூரை முடிந்துவிடும். யார் யார் வருகிறீர்கள்?

காலை 6:55
அண்ணன்: சித்தப்பா, திண்ணையில் வேண்டாம். உள்ளே கொண்டுபோங்கள். வரிசைக்கு வரிசை குறுக்குக் குச்சி வைத்து, நடுவில் காற்று போகிறபடி அடுக்குங்கள். கொஞ்ச நாள் வீட்டுக்குள் கிடக்கட்டும்.

சித்தப்பா: பலகை என்ன விருந்தாளியா, வந்து இளைப்பாறிவிட்டு வேலைக்கு வர?

அப்பா: ஈரமானி வைத்துப் பார்த்தாயா?

சித்தப்பா: பார்த்தேன் அண்ணா. 14 காட்டுகிறது.

அண்ணன்: அடுப்பு எரிகிற வீட்டுக்குள் அது 9 சதவீதம் வரை இறங்கும். அப்போது 140 மில்லிமீட்டர் அகலப் பலகை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கிவிடும். நீளத்தில் மரம் அசையாது, அகலத்தில்தான் வேலையைக் காட்டும். ஒவ்வொரு இணைப்பிலும் அந்த அளவுக்கு வாய் பிளந்தால் கூரை எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

சித்தப்பா: சரி, எத்தனை நாள்?

அண்ணன்: நாள் கணக்கு வேண்டாம். இரண்டு நாள் விட்டு விட்டுப் பாருங்கள். எண் இறங்காமல் ஒரே இடத்தில் நின்றால் ஆணியை எடுக்கலாம்.

காலை 7:20
அண்ணி: சும்மா கிடக்கிற நாளில் பூச்சு வேலையை முடித்துவிடலாம், சின்ன மாமா. அடித்த பிறகு பூசினால் ஒரு பலகையின் ஓரப் பள்ளமான காடிக்குள் நுழைகிற அடுத்த பலகையின் நாக்கில் நிறம் ஏறாது. குளிர்காலத்தில் அடுப்புச் சூட்டில் பலகை சுருங்கும்போது அந்தப் பூசாத ஓரம் வெள்ளைக் கோடாக எட்டிப் பார்க்கும். நாக்குக்கும் சேர்த்து ஒரு பூச்சு இப்போதே கொடுத்துவிடுவோம்.

அம்மா: இதைச் சொன்னதற்காகவே உன்னைக் குழுவின் தலைவியாக்கலாம்.

அப்பா: கணுக்களில் முதலில் அரக்குப் பூச்சு. இல்லாவிட்டால் பிசின் கசிந்து மஞ்சளாகத் திட்டுத் திட்டாக வரும்.

காலை 9:35
நான்: [புகைப்படம்]
நான்: குளியலறைத் தடுப்புச் சட்டம் நின்றுவிட்டது. அப்பா, பாருங்கள்.

சித்தப்பா: தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், மயிரிழை விலகவில்லை. மேலே உத்திரத்தோடு ஆப்பு வைத்து இறுக்கியும் விட்டேன். யானை முட்டினாலும் அசையாது.

அப்பா: அதுதான் தவறு. ஆப்பை எடு.

சித்தப்பா: அண்ணா!

அப்பா: வெளிச் சுவர் முழுமரத் தடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. தடி காயக் காயக் குறுக்களவு குறையும், சுவர் மொத்தமும் கீழே இறங்கும். பச்சை மரமாக இருந்தால் அடிக்கு முக்கால் அங்குலம் வரை இறங்கும் என்று கணக்கு வைப்பார்கள். 8 அடிச் சுவருக்கு 6 அங்குலம்! நம் தடிகள் ஓரளவு காய்ந்தவை, அவ்வளவு வராது. ஆனால் வராமலும் இருக்காது.

அண்ணன்: தடுப்பில் நிற்கிற சட்டங்கள் நீளவாக்கில் நிற்பவை. அவை குறையவே குறையாது. சுவர் இறங்கும், தடுப்பு நிற்கும், உத்திரம் தடுப்பின் தலையில் உட்காரும். சுவரில் தடிக்கும் தடிக்கும் நடுவே விரிசல் விட்டுக் காற்று அடிக்கும்.

சித்தப்பா: அப்படியானால் எவ்வளவு விட வேண்டும்?

அப்பா: கட்டியவர் வாசற்கதவுக்கு மேல் 4 அங்குலம் விட்டு வைத்திருக்கிறார், பார்த்திருப்பாய். தடுப்புக்கு மேலும் அதற்குக் குறையாமல் விடு. உத்திரத்தின் அடியில் இரண்டு பக்கமும் நீள மரச்சட்டம் அடித்து, தடுப்பின் தலை அதற்குள் பக்கவாட்டில் சாயாமல் நிற்கிறபடி செய்தால் போதும்.

அம்மா: ஒரு நிமிடம். குளியலறைக்கு மேல் 4 அங்குலம் திறந்தே கிடக்குமா? உள்ளே ஒருவர் இருக்கும்போது வெளியே எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பதா?

நான்: அம்மாவின் கேள்விக்கு யாராவது உடனடியாகப் பதில் சொல்லுங்கள்.

அண்ணன்: கவலை வேண்டாம் அம்மா. இடைவெளியில் கம்பளிப் பஞ்சை அடைத்து, மேலே ஒரு மறைப்புப் பலகை அடிப்போம். அந்தப் பலகையை உத்திரத்தில் மட்டும் அடிக்க வேண்டும், தடுப்பில் ஓர் ஆணிகூடப் போகக் கூடாது. சுவர் இறங்கும்போது பலகை தடுப்பின் மேல் வழுக்கிக்கொண்டே கீழே வரும்.

அப்பா: இன்னொன்று. பரண் தூணின் அடியில் திருகு ஜாக்கி இருக்கிறது. அழகாக இருக்கட்டும் என்று அதைச் சுற்றிப் பெட்டி அடித்து மூடிவிடாதீர்கள். சுவர் இறங்குகிற அளவுக்குத் தூணும் இறங்க, அவ்வப்போது திறந்து மரையை இறக்கிவிட வேண்டும்.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணி: சின்ன மாமா, பெட்டி அடித்தாகிவிட்டதா?

சித்தப்பா: ஒரு பக்கம் கீல் வைத்துத் திறக்கிறபடி மாற்றிக்கொள்கிறேன்.

நண்பகல் 12:10
நான்: தடுப்பில் ஒயர் இழுத்தாயிற்று. மின்பணியாளர் வந்து சோதித்துவிட்டுப் போனார். பலகை மூடலாமா?

அண்ணன்: மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சட்டத்துக்கும் அளவு நாடாவை நீட்டி வைத்துப் படம் எடுத்து இங்கே போடு. தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் ஒயர் போகிறது என்று படத்திலேயே தெரிய வேண்டும். நாளைக்குக் கண்ணாடி மாட்ட யாராவது ஆணி அடிப்பார்கள்.

நான்: [11 புகைப்படங்கள்]

அம்மா: எனக்குத் தெரியும், அந்த ஆணியை அடிக்கப் போவது யார் என்று.

மாலை 5:25
சித்தப்பா: பரண் தரைக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டாம் பூச்சு முடிந்தது. தேன் மாதிரி மின்னுகிறது. உடம்பெல்லாம் வலிக்கிறது, கிளம்புகிறேன்.

அண்ணி: எண்ணெய் துடைத்த துணிகள் எங்கே?

சித்தப்பா: சாக்கில் திணித்துப் பரண் மூலையில் வைத்திருக்கிறேன். நாளைக்கும் வேண்டுமே.

அண்ணி: சின்ன மாமா, தயவுசெய்து இப்போதே ஏறிப் போய் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அண்ணன்: உடனே சித்தப்பா. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளம்பும். விரித்துப் போட்ட துணியில் சூடு பறந்துவிடும். சுருட்டித் திணித்தால் உள்ளேயே ஏறி ஏறித் தானாகத் தீப்பிடிக்கும். தீக்குச்சியே வேண்டாம், சில மணி நேரம் போதும்.

நான்: ஏறிவிட்டார்.

மாலை 5:34
நான்: [புகைப்படம்]
நான்: சாக்கின் நடுவில் கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டைவிட்டுத் தள்ளி, கல் தரையில் ஒவ்வொரு துணியாக விரித்துப் போட்டுவிட்டோம்.

சித்தப்பா: நானும் தொட்டுப் பார்த்தேன். இனி இந்த வீட்டில் எண்ணெய்த் துணிக்கு மூடி போட்ட தகரவாளி, அதில் நிறையத் தண்ணீர். நானே வாங்குகிறேன்.

அப்பா: நல்லது.

இரவு 8:15
அம்மா: என் பங்குக்கு ஒரு விண்ணப்பம். அடுப்பை ஒட்டி ஒரு பெஞ்சு வேண்டும். குளிரில் சாய்ந்து உட்கார்ந்து படிக்க.

அப்பா: ஒட்டி முடியாது. அடுப்போடு வந்த கையேட்டில் எவ்வளவு தள்ளி என்று போட்டிருக்கிறதோ, அவ்வளவு தள்ளி. கையேடு இல்லாத பழைய அடுப்புக்கு அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) 211 விதி, எரியக்கூடிய எதுவும் 36 அங்குலத்துக்குள் வரக்கூடாது என்கிறது. நம்முடையது பழையது.

அம்மா: 36 அங்குலம் தள்ளி உட்கார்ந்தால் அதற்குப் பெயர் குளிர் காய்வதா?

அண்ணன்: சுவர்ப் பக்கத்துக்குத் தகடு வைத்து, தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலம் காற்றோட்டம் விட்டால் அந்தத் தூரத்தைக் குறைக்க வழி இருக்கிறது. பெஞ்சுக்கு அது பொருந்தாது அம்மா.

அம்மா: அப்படியானால் மர பெஞ்சு வேண்டாம். கல்லில் கட்டுங்கள், எரியாது.

சித்தப்பா: அண்ணி கேட்டால் நாளைக்கே கல் ஏற்றி வருகிறேன்!

அப்பா: யாரும் எதையும் ஏற்ற வேண்டாம். கல் பாரத்தைத் தரைச் சட்டம் தாங்குமா என்று கீழே குனிந்து பார்க்காமல் ஒரு கல்லும் உள்ளே வராது. காலையில் டார்ச் எடுத்துக்கொண்டு வா, இருவரும் பார்ப்போம்.