‘கிளர்க்ஸ் 2’ படத்தின் முடிவு: பழைய கடைக்கே திரும்புவது வெற்றியா, பின்வாங்கலா?

மீனாட்சிபுரத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கெவின் ஸ்மித் எழுதி இயக்கி 2006-இல் வெளிவந்த ‘கிளர்க்ஸ் 2’ படத்தைச் சென்ற வாரம் நண்பர்களுடன் பார்த்தேன். படம் முடிந்த பின் எங்களுக்குள் எழுந்த விவாதம் இன்னும் அடங்கவில்லை. ஆகவே இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். முடிவைப் பற்றித்தான் கேட்கப் போகிறேன் என்பதால், படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994-இல் வந்த முதற்படத்தில் டான்டே, ராண்டல் என்னும் இரு நண்பர்கள் நியூ ஜெர்சியின் லியோனார்டோ என்ற சிற்றூரில் அடுத்தடுத்த கடைகளில் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் பலசரக்குக் கடையில், மற்றவர் வீடியோ வாடகைக் கடையில். இரண்டாம் படத்தின் தொடக்கத்திலேயே அந்தக் கடை எரிந்துபோகிறது. வேறு வழியின்றி மூபிஸ் என்ற துரித உணவகத்தில் இருவரும் வேலைக்குச் சேர்கிறார்கள். டான்டேவுக்கு எம்மாவுடன் திருமணம் நிச்சயமாகி, அவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர இருக்கும் கடைசி நாளில் மீதிக் கதை நடக்கிறது. இறுதியில் அவர் போகவில்லை. உணவக மேலாளர் பெக்கியுடன் வாழ முடிவெடுத்து, ராண்டலுடன் சேர்ந்து அதே பழைய கடையை வாங்கி, அதே கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறார்.

என் நண்பர்களில் சிலருக்கு இந்த முடிவு நிறைவைத் தந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. முப்பதைத் தாண்டிய இருவர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்த இடத்தை வெறுத்தார்களோ அந்த இடத்துக்கே திரும்புவதை மகிழ்ச்சியான முடிவு என்று எப்படி ஏற்றுக்கொள்வது? நம் பாலக்காட்டு எல்லைப் பக்கத்தில் எத்தனை பேர் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போய்ப் பிழைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே எல்லை தாண்டாமல் இருந்துவிட்டார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் தேக்கத்துக்கு இப்படம் நட்பு என்று பெயர் சூட்டுகிறதோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. உங்கள் பார்வை என்ன?

கஞ்சிக்கோடு இரவுப்பணி எழுதியது:

மீனாட்சிபுரம் தம்பிக்கு வணக்கம். நல்ல கேள்வி, ஆனால் முடிவை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்காது. டான்டே எதை விட்டுவிட்டுத் திரும்புகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஃப்ளோரிடாவில் அவருக்காகக் காத்திருப்பது என்ன? எம்மாவின் பெற்றோர் தரும் வீடு; அவர்கள் தயவில் நடத்தவிருக்கும் கார் கழுவும் நிலையம். நம் ஊர் வழக்கில் சொன்னால் டான்டே வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறார். அது முன்னேற்றம் போல வெளியில் தெரியும், ஏனென்றால் ஊர் மாறுகிறது, வெயில் நன்றாக அடிக்கிறது, தொழிலுக்கு ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. ஆனால் அங்கேயும் அவர் பிறர் கல்லாவுக்குக் காவல் நிற்பவர்தான். கூடவே வாழ்நாள் முழுவதும் நன்றி சொல்ல வேண்டிய கடமையும் சேர்கிறது. வெளியேறுவது என்றாலே விடுதலை என்று நீங்கள் எண்ணுவதை இப்படம் மிகப் பொறுமையாக மறுக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

பிற்பகுதியில் இருவரும் கைதாகி அடைபடும் சிறைக்காட்சியை மீண்டும் ஒருமுறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை எதையும் பொருட்படுத்தாதவராக, வாடிக்கையாளர்களைச் சீண்டுவதையே பிழைப்பாகக் கொண்டவராகத் தெரிந்த ராண்டல், நண்பன் தன்னை விட்டுப் போகிறான் என்ற துயரத்தை முதன்முறையாக மறைக்காமல் கொட்டுகிறார். வாய்ப்புக் கிடைத்தால் என்ன செய்வாய் என்று டான்டே கேட்கும்போது, அந்தக் கடையை வாங்கி நானே திறப்பேன் என்று பதில் சொல்கிறார். ராண்டலாக நடித்த ஜெஃப் ஆண்டர்சன் அந்த இடத்தில் குரலை உயர்த்தி, பிறகு உடைந்துபோகும் விதம், இந்த வகை நகைச்சுவைப் படங்களில் அரிதாகவே பார்க்கக் கிடைப்பது. இரு ஆண்கள் தங்கள் நட்பைப் பற்றி நேருக்கு நேர் பேசிக்கொள்ள, காவல் நிலையத்தில் அடைபட வேண்டியிருக்கிறது என்பது என்னை மிகவும் பாதித்தது.

அதற்கு முன் வரும் இன்னொரு காட்சியும் முக்கியமானது. உடன் படித்து, இணையத்தில் பணம் சேர்த்த ஒருவன் (ஜேசன் லீ நடித்திருக்கிறார்) உணவகத்துக்கு வந்து ராண்டலை அவமதித்துவிட்டுப் போகிறான். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் வகுப்புத் தோழனுக்கு முன்னால் சீருடையில் நிற்பது எப்படியிருக்கும் என்பது இந்தத் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும். கேலி எல்லாம் ராண்டலுக்குக் கவசம் என்பது அங்கேதான் வெளிப்படுகிறது. அந்தக் காட்சி இல்லாவிட்டால் சிறைக்காட்சி இவ்வளவு எடுபட்டிருக்காது.

முதற்படம் உருவான விதத்தையும் மறக்கக் கூடாது. கெவின் ஸ்மித் அந்தக் கடையில் உண்மையாகவே விற்பனைப் பணியாளராக இருந்தவர். பகலில் வேலை பார்த்து, கடை அடைத்த பின் இரவுகளில், ஏறக்குறைய 27,575 டாலர் செலவில், கறுப்பு வெள்ளையில் அங்கேயே படம் எடுத்தார். கதையில் கடையின் ஷட்டர் திறக்காமல் இருப்பதற்குப் பூட்டில் யாரோ சூயிங்கம் ஒட்டிவிட்டார்கள் என்று காரணம் சொல்லப்படுவது, வெளியே இருட்டாக இருந்ததால்தான். அந்தக் கல்லாவுக்குப் பின்னால்தான் அவர் கலைஞராக ஆனார். அப்படிப்பட்டவர் அந்தக் கடைக்குத் திரும்புவதைத் தோல்வியாக எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

வேலந்தாவளம் எழுத்தர் எழுதியது:

கஞ்சிக்கோடு அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். சிறைக்காட்சியைப் பற்றி மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் பின் வரும் பத்து நிமிடங்களை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் சோதனைச்சாவடிக்கு அருகே லாரிகளுக்குப் படிவம் நிரப்பித் தரும் கடையில் வேலை பார்த்தவன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. எங்களைப் போன்றவர்களின் பிழைப்பும் அதோடு போனது. கடை எரிந்துபோவதைப் பார்த்தவுடன் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. பிடிக்காத வேலையாகவே இருந்தாலும், அது இல்லாமல் போகும்போது மனிதன் எப்படித் தடுமாறுகிறான், எங்கெல்லாம் வேலை கேட்கிறான், எதற்கெல்லாம் தலையாட்டுகிறான் என்பது பெரிய கதை. இப்படமோ ‘ஓராண்டுக்குப் பின்’ என்று ஒரே வெட்டில் அதைத் தாண்டிவிடுகிறது. எனக்கு மிகவும் வேண்டியிருந்த பகுதி அதுவே.

அடுத்தது, கடையை வாங்கும் பணம். முதற்படத்திலிருந்தே கடை வாசலில் நின்று போதைப்பொருள் விற்கும் ஜேயும் சைலண்ட் பாபும் தங்களிடம் இருக்கும் பெருந்தொகையைக் கடனாகத் தர முன்வருகிறார்கள். கடை வாசலில் நிற்க அனுமதித்தால் போதும் என்கிறார்கள். பார்க்க மனத்துக்கு இதமாக இருக்கிறது. ஆனால் மாமனார் தரும் கார் கழுவும் நிலையத்தைத் தளை என்று சொன்னால், வாசலில் நிற்பவர் தரும் கடனை மட்டும் விடுதலை என்று எப்படிச் சொல்வது? நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஜெராக்ஸ் கடை வைக்க எண்ணியபோது, ஜாமீனுக்கு ஆள் தேடி அலைந்ததில்தான் எங்கள் நட்பு உண்மையில் சோதிக்கப்பட்டது. இந்த இருவருக்கும் அந்தச் சோதனை வைக்கப்படவே இல்லை. முதற்படத்தில் இருந்த கறார்த்தன்மை இங்கே கழன்றுவிட்டது.

கழுதைக் காட்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரியாவிடை என்ற பெயரில் ராண்டல் ஏற்பாடு செய்யும், கழுதையை வைத்து நடத்தும் அந்த ஆபாச நிகழ்ச்சி, கதைக்குத் தேவை என்றால் அவர்கள் கைதாவதற்கு மட்டுமே தேவை. விமர்சகர் ஜோயல் சீகல் திரையிடலின் நடுவே எழுந்து போனது அதனால்தான் என்பார்கள். குடும்பத்துடன் அமர்ந்து பார்க்கக்கூடிய படம் அன்று. இதைப் பரிந்துரைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை.

சித்தூர்ப்புழை எழுதியது:

ஐயா இருவரும் நண்பர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பெக்கியை மறந்துவிட்டீர்கள். ரொசாரியோ டாசன் நடித்த அந்தப் பாத்திரம்தான் இப்படத்தில் வேலையை வேலையாகப் பார்க்கும் ஒரே ஆள். மேலாளராக இருந்துகொண்டு, அதைப் பற்றிப் புலம்பாமல், அதிலேயே தன் வாழ்க்கை முடிந்துவிட்டதாகவும் எண்ணாமல் இருக்கிறாள். மொட்டைமாடியில் டான்டேவுக்கு நடனம் கற்றுக்கொடுக்கும் காட்சி படத்தின் மிக அழகான பகுதி. துரித உணவகத்தின் கூரையும் ஓர் இடம்தான், அங்கேயும் மகிழ்ச்சி இருக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சித்தூரில் துணிக்கடையில் பில் போடுகிறவள். நாள் முழுவதும் நின்றுவிட்டு, மாலையில் கடைப் பெண்கள் மாடியில் அமர்ந்து தேநீர் குடிக்கும் நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆகவே அந்தக் காட்சி பொய்யில்லை.

எம்மாவுக்கு அநீதி நடந்திருக்கிறது. டான்டே அவளை விட்டுப் போவதைப் பார்வையாளர்கள் எளிதில் ஏற்க வேண்டும் என்பதற்காகவே அவளை அதிகாரம் செய்பவளாக மட்டும் எழுதியிருக்கிறார்கள். அவள் பக்கத்து நியாயத்துக்கு ஒரு காட்சி கொடுத்திருந்தால் முடிவின் எடை கூடியிருக்கும்.

மீனாட்சிபுரத்தான் எழுதியது:

மறுமொழி தந்த அனைவருக்கும் நன்றி. வீட்டோடு மாப்பிள்ளை என்ற கோணத்தை அண்ணா எடுத்துக்காட்டியது என் கேள்வியையே மாற்றிவிட்டது. போவதா, இருப்பதா என்பதை விட யாருடைய கல்லா என்பதுதான் இப்படத்தின் விவாதம் போலும். ஆயினும் கடைசிக் காட்சி என்னை விடவில்லை. படம் கடை எரிவதோடு வண்ணத்துக்கு மாறியது. இறுதியில், இருவரும் தங்கள் சொந்தக் கடையில் நிற்கும்போது, மீண்டும் கறுப்பு வெள்ளையாகிறது. பின்னணியில் ஒலிப்பது சோல் அசைலம் குழுவின் ‘மிசரி’ என்ற பாடல். முழு வெற்றி என்று இயக்குநர் நம்பியிருந்தால் துயரத்தைப் பெயராகக் கொண்ட பாடலை அங்கே ஏன் வைக்க வேண்டும்? கேமரா பின்னோக்கி நகர, கடை அவர்களைச் சூழ்ந்து நீண்டுகொண்டே போவதைப் பார்க்கும்போது எனக்கு மூச்சு முட்டியது.

கஞ்சிக்கோடு இரவுப்பணி எழுதியது:

தம்பி, அந்தப் பாடலும் அந்த நிறமாற்றமும் உங்கள் பக்கம் நிற்கின்றன என்பதை மறுக்கவில்லை. இயக்குநருக்கே இரு மனம் இருந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2018-இல் கெவின் ஸ்மித்துக்கு மாரடைப்பு ஏற்பட்டு உயிர் பிழைத்தார். 2022-இல் வந்த மூன்றாம் படத்தில் அதே மாரடைப்பு ராண்டலுக்கு வருகிறது. அதன் பிறகு அவர் எடுக்கும் முடிவும், பெக்கிக்கும் டான்டேவுக்கும் நேர்வதும் உங்கள் கேள்விக்கு இயக்குநர் பதினாறு ஆண்டுகள் கழித்துத் தந்த விடை என்றே சொல்லலாம். அதை இங்கே விரிக்கப் போவதில்லை. பார்த்துவிட்டு எழுதுங்கள். வேலந்தாவளம் நண்பரும் பார்க்க வேண்டும். கறார்த்தன்மை குறைந்துவிட்டது என்ற குறை அந்தப் படத்தின் மேல் அவருக்கு இருக்காது.